பஸ் நின்றுபோன ஊரில் தலை எண்ணிய கதை

2003-ல் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு என்ன வேலை, நிலம் எத்தனை ஏக்கர் என்பதையெல்லாம் என் அப்பா அப்புறம்தான் விசாரித்தார். முதலில் கேட்டது, “உங்க ஊருக்குப் பஸ் வருதுங்களா?” என்றுதான். என் மாமனார் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு, “நைட் ஹால்ட் பஸ்ஸே உண்டு” என்றார். அதற்கப்புறம் அப்பா துருவித் துருவிக் கேட்கவில்லை.

நைட் ஹால்ட் என்றால், ராத்திரி ஒன்பது மணிக்குக் கடைசி ட்ரிப் வரும் பஸ் ஊரிலேயே தங்கிவிடும். டிரைவரும் கண்டக்டரும் சாவடியில் படுத்துக்கொள்வார்கள். விடியற்காலை ஐந்தரைக்கு அதே பஸ் டவுனுக்குக் கிளம்பும். அந்த முதல் ட்ரிப்பில் ஏறினால் பூச்சந்தைக்குப் போகலாம், மதுரை பஸ்ஸைப் பிடிக்கலாம், பெரியாஸ்பத்திரியில் முதல் ஆளாகச் சீட்டு வாங்கலாம். நான் வாக்கப்பட்டு வந்த முதல் வருஷம், அந்த பஸ் ஸ்டார்ட் ஆகும் சத்தத்தில்தான் எழுந்திருப்பேன்.

எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தின் மேற்கு ஓரம். கரிசல் மண், கண்மாய்ப் பாசனம், முண்டு மிளகாய். மெயின் ரோட்டில் இறங்கி மூன்று கிலோமீட்டர் உள்ளே வர வேண்டும். மெயின் ரோடும் ஊர் ரோடும் பிரியும் இடத்தை இந்தப் பக்கம் விலக்கு என்போம். விலக்கிலிருந்து ஊருக்கு வரும் வழியில் கண்மாய் மறுகால் ஓடைக்கு மேல் ஒரு தரைப்பாலம். 2021 நவம்பர் மழையில் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தபோது பாலத்தின் ஒரு பக்கத்தை ஓடை அரித்துக்கொண்டு போய்விட்டது. பஸ் நின்றது. பாலம் சரியானதும் வரும் என்றார்கள். அடுத்த கோடையில் பாலத்தைச் சரிசெய்துவிட்டார்கள். பஸ் மட்டும் வரவில்லை.

மூன்று கிலோமீட்டர்தானே, நடந்தால் என்ன என்று டவுனில் இருக்கும் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். வெறுங்கையோடு காலையில் நடப்பதென்றால் சரி. மாசி, பங்குனியில் மிளகாய் மூட்டையோடு நடக்க வேண்டும். மழை நாளில் கரிசல் சேறு செருப்பைப் பிடித்து இழுக்கும்; கழற்றிக் கையில் வைத்துக்கொண்டால் கருவேல முள் குத்தும். ரோட்டின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு மேல் மண்டிக் கிடக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த வழியில் ஒரு பெண் பிள்ளையைத் தனியாக வரச் சொல்ல எந்தத் தாய்க்கு மனசு வரும்? என் மகளோடு பத்தாம் வகுப்பு படித்த இரண்டு பெண்கள் நல்ல மார்க் வாங்கியும் பிளஸ் ஒன் சேரவில்லை. மேல்நிலைப் பள்ளி டவுனில்தான் இருக்கிறது, பதினான்கு கிலோமீட்டர். ஒருத்திக்கு மறு வருஷமே கல்யாணம் பேசிவிட்டார்கள். இன்னொருத்தி திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். பஸ் நின்றால் முதலில் எது நிற்கும் என்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

இன்னொரு ராத்திரியும் மறக்காது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வலி கண்டபோது 108-க்குக் காத்திருக்கப் பயந்து, மிளகாய் ஏற்றும் குட்டியானையில் பாயை விரித்துப் படுக்கவைத்துக் கூட்டிப் போனோம். நல்லபடியாகப் பிள்ளை பிறந்தது. ஆனால் அந்த மூன்று கிலோமீட்டரும் வண்டி குலுங்கக் குலுங்க அவள் என் கையைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது.

அதற்கப்புறம்தான் எங்கள் மகளிர் குழுவில் நாலு பேர் சேர்ந்து டிப்போவுக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். “உங்க ஊர் ட்ரிப்புல கலெக்‌ஷனே இல்லைம்மா. ஊர்ல ஆள் இருந்தாத்தானே?” என்றார். ஆள் இல்லையா? எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தைக் காகிதத்தில் எழுத முடியாதே. வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் போனில் தேடி 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எங்கள் ஊர்ப் பெயருக்கு நேராக இருந்த எண்ணை எடுத்துக் கொடுத்தாள். ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம். அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு தெம்பாகப் போனேன்.

அவர் அதைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “இது வருவாய் கிராமத்துக் கணக்கா, உங்க ஊர்க் கணக்கா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. ஊர் திரும்பி வி.ஏ.ஓ.விடம் கேட்டபோதுதான் புரிந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு கிராமம் என்று வருவது வருவாய் கிராமம். அதற்குள் எங்கள் ஊர், ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் இரண்டு குடியிருப்புகள், மெயின் ரோட்டை ஒட்டியிருக்கும் ஒரு ஊர் என்று நாலு அடங்கும். மெயின் ரோட்டு ஊருக்கு நாள் முழுக்க பஸ் உண்டு. அதே கணக்கெடுப்பின் கிராம விவரப் பட்டியலில், பஸ் வசதி இருக்கிறதா, இல்லையென்றால் 5 கிலோமீட்டருக்குள்ளா, 5 முதல் 10-க்குள்ளா, 10-க்கு மேலா என்று ஒரு பகுதி இருக்கிறது. எங்கள் கிராமத்துக்கு நேராக ‘உண்டு’ என்றுதான் இருந்தது. 2011-ல் அது உண்மைதான். 2021-ல் எடுத்திருக்க வேண்டிய அடுத்த கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனதால் அந்த ‘உண்டு’ அப்படியே நின்றுவிட்டது. உங்கள் ஊருக்காக யாராவது மனு எழுதப் போகிறீர்கள் என்றால் இதை முதலில் பாருங்கள்: கையில் இருக்கும் எண் எந்த எல்லைக்குள் எடுத்த எண்?

சாலைத் திட்டங்களுக்கு அளவே வேறு. 2000 டிசம்பர் 25-ல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் கிராமத்தைப் பார்ப்பதில்லை, குடியிருப்பைப் பார்ப்பார்கள். சமவெளியில் 500 பேர், மலைப் பகுதியில் 250 பேர் இருக்க வேண்டும். அரைக் கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருக்கும் குடியிருப்புகளைச் சேர்த்தும் எண்ணிக்கொள்ளலாம். இதை ஊராட்சிச் செயலர் தம்பி சொன்னபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. நாமே எண்ணினால் என்ன?

நாலு பேரும் ஆளுக்கொரு தெருவாகப் பிரித்துக்கொண்டோம். 2023 ஜூலையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்தோம். மொத்தம் 214 வீடு. அதில் 57 பூட்டிக் கிடந்தன. ரேஷன் கார்டுகளில் 790 பெயர். அன்றைக்கு ராத்திரி ஊரில் படுத்தவர்கள் 468 பேர்.

அந்த 468-ஐப் பார்த்ததும் என் மாமனார் நோட்டை வாங்கி மறுபடி கூட்டிப் பார்த்தார். பொங்கலுக்கும் பங்குனிப் பொங்கலுக்கும் தெருவில் நடக்க இடமிருக்காது. அந்தக் கூட்டத்தை வைத்துத்தான் ஊரைப் பற்றி எங்கள் மனசில் ஒரு அளவு இருந்தது. சென்னையில் கடையில் நிற்பவர்கள், திருப்பூர்க்காரர்கள், வளைகுடாவில் இருப்பவர்கள் எல்லோரையும் நாங்கள் ஊர்க்காரர்களாகத்தான் எண்ணிக்கொண்டிருந்தோம். கணக்கெடுப்புக்காரர்கள் அப்படி எண்ண மாட்டார்கள். 2011-ல் ஆட்களை எண்ணியது பிப்ரவரி 9 முதல் 28 வரை. பொங்கலுக்கு வந்தவர்கள் திரும்பிப் போன நேரம். அந்த நாட்கள் முழுக்க ஊரில் இல்லாதவர்களை அவர்கள் இருக்கும் இடத்தில்தான் சேர்ப்பார்கள். அது சரியான முறைதான். வெளியூரில் இருப்பவனுக்கு இங்கே தினசரி பஸ் தேவையில்லை. 468 என்பது சின்ன எண்ணாகத் தெரிந்தாலும் அதையே எழுதுவது என்று முடிவு செய்தோம். 790 என்று எழுதியிருந்தால் முதல் கேள்வியிலேயே மாட்டியிருப்போம்.

வீடு வீடாக எண்ணும்போது தனியாக அலைய வேண்டியதில்லை. அங்கன்வாடி டீச்சரிடம் குடும்பக் கணக்குப் பதிவேடு இருக்கும். கிராம சுகாதார செவிலியரிடம் கர்ப்பிணிகள், குழந்தைகள் விவரம் இருக்கும். அவர்கள் பதிவேட்டைத் தூக்கித் தர மாட்டார்கள், தரவும் கூடாது. ஆனால் நம் கூட்டுத்தொகை சரியா என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். எங்கள் அங்கன்வாடி டீச்சர், “தெக்குத் தெருவுல ஒரு வீடு விட்டுட்டீங்க அக்கா” என்று சரியாகப் பிடித்தார்.

ஆள் கணக்கு முடிந்தது. ஆனால் பஸ்ஸுக்கு எத்தனை பேர்? இதில்தான் நாங்கள் ஒரு தப்பு செய்தோம். முதல் இரண்டு நாள் பழைய பஸ் ஸ்டாப் வேப்ப மரத்தடியில் நோட்டோடு உட்கார்ந்தேன். ஒருத்தரும் வந்து நிற்கவில்லை. பஸ்ஸே வராத இடத்தில் யார் வந்து நிற்பார்கள்? மூன்றாம் நாள் இடத்தை மாற்றினேன். ஊர் எல்லையில் கல் பாலத்துத் திண்டில் காலை ஐந்தரைக்கு உட்கார்ந்து, பத்து மணி வரை ஊரை விட்டுப் போகிற ஒவ்வொருத்தரையும் எழுதினோம். நேரம், எங்கே போகிறார்கள், எதற்கு, எதில். நாலே நாலு கட்டம்.

அந்த ஒரு வாரத்து நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன். ‘6.10, சித்தாள் வேலை, டவுன், மகன் பைக்.’ ‘6.40, முட்டையும் முருங்கைக்காயும் விற்க, டவுன், நடை.’ ‘7.25, ஏழு பிள்ளைகள், பள்ளிக்கூடம், நடை.’ ‘7.30, சுகர் மாத்திரை, ஆஸ்பத்திரி, லிஃப்ட் கேட்டு.’ ‘8.05, ஜவுளிக்கடை வேலை, ஷேர் ஆட்டோ, 20 ரூபாய்.’ ஜவுளிக்கடைக்குப் போகிற பெண்ணை நிறுத்திக் கேட்டேன். விலக்குக்கு ஆட்டோ, அங்கிருந்து பஸ், திரும்பவும் அப்படியே. சம்பளத்தில் நாலில் ஒரு பங்கு வழியிலேயே போகிறது என்றாள். சராசரியாக நாளைக்கு 96 பேர் பத்து மணிக்குள் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். சந்தை நாளில் இன்னும் அதிகம். அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் 41.

இந்த 41-ல்தான் விஷயமே இருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச பஸ் பாஸ். டிக்கெட் கிழிக்க மாட்டார்கள். காலை எட்டு மணி பஸ்ஸில் படிக்கட்டு வரை பிள்ளைகள் தொங்கிக்கொண்டு போனாலும் கண்டக்டர் பையில் காசு சேராது. கலெக்‌ஷனை மட்டும் பார்க்கிறவருக்கு அது காலி பஸ்தான். 2021 மே 8-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கும் கட்டணம் கிடையாது. ஆனால் அதற்குத் தனியாக டிக்கெட் கொடுக்க வேண்டும், அந்த டிக்கெட் எண்ணிக்கை கணக்கில் ஏறும். எங்கள் ஊரில் பஸ் ஓடிய கடைசி ஆறு மாசத்தில் பாதிப் பெண்கள் அந்த டிக்கெட்டைக் கேட்டு வாங்கியதே இல்லை. ‘காசுதான் இல்லையே, சீட்டு எதுக்கு’ என்று இருந்துவிட்டோம். தயவுசெய்து எந்த ஊர்ப் பெண்ணாக இருந்தாலும் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் அந்த பஸ்ஸில் போனதற்கு அது ஒன்றுதான் சாட்சி.

அடுத்தது தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, எங்கள் ஊர்த் தடத்தில் தினம் எத்தனை சிங்கிள் (ஒரு வழி ட்ரிப்) ஓட வேண்டும், ஏன் ஓடவில்லை என்று இரண்டே கேள்வி கேட்டோம். 30 நாளுக்குள் பதில் வந்தது. பாலம் பழுது காரணமாகத் தற்காலிகமாக வேறு தடத்தில் இயக்கப்படுகிறது என்று இருந்தது. பாலம் சரியாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது! யார்மேலும் குற்றம் சொல்லிப் பயனில்லை. பாலம் கட்டியது ஒரு அலுவலகம், பஸ் விடுவது இன்னொன்று. சரியாகிவிட்டது என்று எழுத்தில் தெரிவிக்க யாருக்கும் தோன்றவில்லை. உங்கள் ஊர் ரோடு யாருடையது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலைத் துறை ரோடா, ஊராட்சி ஒன்றிய ரோடா, ஊராட்சி ரோடா? எங்களுடையது ஒன்றிய ரோடு. ஒன்றியப் பொறியாளரிடம் போய், பஸ் போகும் அளவுக்குப் பாலம் உறுதியாக இருக்கிறது என்று கடிதம் வாங்கினோம். இரண்டு நாள்தான் ஆனது. இரண்டு வருஷம் பஸ் நின்றதற்கு அந்த ஒரு தாளும் ஒரு காரணம் என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

2023 அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போட்டோம். எங்கள் ஊராட்சியின் மக்கள்தொகை 501-க்கும் 3000-க்கும் நடுவில் வருவதால் குறைந்தது 100 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். வழக்கமாக ஆண்கள் பத்துப் பதினைந்து பேர் வந்து கையெழுத்துப் போடுவார்கள், மிச்சம் கையெழுத்தை வீடு வீடாக வாங்குவார்கள். அந்தத் தடவை 100 நாள் வேலைக்கு வரும் பெண்களிடம் ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிவைத்தோம். ஓடைக்கு அந்தப் பக்கத்து இரண்டு குடியிருப்புக்காரர்களையும் கூப்பிட்டோம். 140 பேருக்கு மேல் வந்தார்கள். ‘பஸ் வசதி வேண்டும்’ என்று பொதுவாக எழுதாமல், காலை எட்டு மணிக்கு ஒரு சிங்கிள், சாயங்காலம் ஒரு சிங்கிள், ஊரோடு திரும்பாமல் ஓடைக்கு அந்தப் பக்கம் போய் மறு மெயின் ரோட்டில் ஏற வேண்டும் என்று வழியோடு எழுதினோம்.

இந்தக் கடைசி வரி எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னது. பழைய காலத்தில் லாரி கிளீனராக இருந்தவர். “முட்டுச் சந்துக்கு எவன் வண்டி விடுவான் ஆத்தா? போக மூணு, வர மூணு, நம்ம ஊரு ஆளுக்கு மட்டும் ஆறு கிலோமீட்டர் டீசல். அந்தப் பக்கம் வெளியேறுற மாதிரி கேளு” என்றார். மூன்று ஊர்களின் ஆட்களைச் சேர்த்ததும் பத்து மணிக்குள் கிளம்புகிறவர்கள் 170-க்கு மேல் போனார்கள். அதிகாரியின் கேள்விக்குப் பதில் அதுதான்.

தீர்மான நகல், எங்கள் கணக்கு, பொறியாளர் கடிதம், தலைமையாசிரியர் கொடுத்த மாணவர் எண்ணிக்கை, நாலையும் சேர்த்துத் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுத்தோம். மனு நம்பர் போட்ட ரசீதை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அதே நகலோடு மறுபடி டிப்போவுக்குப் போனோம். அதே அதிகாரிதான். நோட்டைப் புரட்டி நேரக் கட்டத்தைத் தானே விரலால் கூட்டினார். “எட்டு மணிக்கு முன்னாடி பின்னாடி இத்தனை பேரா?” என்றவர், தாளை வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டார். முதல் தடவை அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தவர்.

சோதனை ஓட்டத்துக்கு ஒரு காலி பஸ் வந்தது. ஓட்டி வந்த டிரைவர் இரண்டு குறை சொன்னார். கருவேலங்கிளை கண்ணாடியில் அடிக்கிறது. ஓடைத் திருப்பத்தில் எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்க இடமில்லை. கிளைகளை நாங்களே வெட்டினோம், நாலு நாள் வேலை. கரிமூட்டம் போடுகிறவர்கள் விறகை எடுத்துக்கொண்டு கூலி கேட்காமல் உதவினார்கள். திருப்பத்தில் ஒரு அண்ணன் தன் வரப்பிலிருந்து ஆறடி விட்டுக்கொடுத்தார். அவருடையது இரண்டு சென்ட்கூட விட்டுக்கொடுக்க முடியாத அளவுக்குச் சின்னக் காடு. அவர் அதைப் பற்றி இன்றுவரை பேசுவதில்லை.

2024 பொங்கல் கழிந்து பஸ் வந்தது. காலை ஒரு சிங்கிள், சாயங்காலம் ஒரு சிங்கிள். முன் கண்ணாடிக்கு வாழை கட்டி, பூ சுற்றி, தேங்காய் உடைத்தோம். என் அத்தை முட்டைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து டவுன் வரைக்கும் போய்விட்டு, எதையும் விற்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வந்தார்.

நைட் ஹால்ட் திரும்பவில்லை. கேட்டோம், இப்போதைக்கு முடியாது என்றார்கள். மினி பஸ்ஸுக்கும் முயற்சி செய்கிறோம். 1997-ல் வந்த திட்டத்தைப் புதுப்பித்து 2025 ஜூனில் தொடங்கினார்கள். தடம் 25 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், பெரும்பகுதி பஸ்ஸே ஓடாத வழியாக இருக்க வேண்டும். எங்கள் மூன்று ஊரும் அதற்குப் பொருந்தும். நடத்த முன்வரும் முதலாளி கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். 2027 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வருவார்கள். அதற்குள் தெருவாரியாக எங்கள் நோட்டை ஒரு தடவை புதுப்பித்துவைக்க வேண்டும். வருகிற ஆசிரியர் ஓடைக்கு அந்தப் பக்கத்து வீடுகளை விட்டுவிடாமல் கூடவே போய்க் காட்ட ஆள் வேண்டுமே.

இப்போது இருக்கும் குறை ஒன்று. பள்ளிக்கூடம் விடுவது 4.20. எங்கள் பஸ் டவுன் பஸ் ஸ்டாண்டை விட்டுக் கிளம்புவது 4.15. மகன் ஒன்பதாம் வகுப்பு. கடைசி பீரியடில் பத்து நிமிஷம் முன்னால் எழுந்து ஓடி வருகிறான், அவனோடு இருபது பிள்ளைகள். சிலர் ஓடத் தயங்கி விலக்கு வரை வேறு பஸ்ஸில் வந்து நடக்கிறார்கள். பஸ்ஸை இருபது நிமிஷம் தள்ளி எடுத்தால் போதும். பள்ளி விடும் நேரத்தைத் தலைமையாசிரியர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். பிள்ளைகள் பெயர்ப் பட்டியலும் தயார். திங்கள்கிழமை எட்டு மணி பஸ்ஸில் நாலு பேரும் கிளம்புகிறோம்.